கொட்டிய சேறு எங்கே போகிறது?

துறைமுகங்களை ஆழப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர், தோண்டி எடுத்த சேற்றைத் திறந்த கடலில் கொட்டினால் தண்ணீருக்கு என்ன நேர்கிறது என்பதையே கேட்டிருந்தார்கள். ஆகவே இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மீனவர்): தூர்வாரும் கப்பல் வந்து சேற்றைக் கொட்டிவிட்டுப் போனால் அரை நாள் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, மறுநாள் காலையில் தெளிந்துவிடுகிறது. தெளிந்த பிறகு பாதிப்பு எதுவும் கிடையாது என்று சொல்கிறார்கள். அது உண்மைதானா ஐயா?

பதில்: தண்ணீர் தெளிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அதை வைத்துப் பாதிப்பு இல்லை என்று முடிவு கட்டுவது சரியல்ல. கப்பலின் அடிக்கதவுகள் திறந்ததும் உள்ளே இருக்கும் சேறு துகள் துகளாகப் பிரிந்து விழுவதில்லை. தண்ணீரைவிடக் கனமான ஒரே திரளாகக் கீழே இறங்குகிறது. இருபது மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அந்தத் திரள் ஒரு நிமிடத்துக்குள் தரையைத் தொட்டுவிடும். தொட்ட வேகத்தில் அது பக்கவாட்டில் பரவி, தரையை ஒட்டிக் கூழ் போன்ற ஒரு படலமாக ஓடும். இவ்வகைக் கொட்டுதலை அளந்து பார்த்த ஆய்வுகளின்படி, கொட்டியதில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரைதான் மேல்நீரில் தங்கி உங்கள் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது. மிச்சம் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நீங்கள் பார்க்க முடியாத அடித்தரைக்குப் போய்விடுகிறது.

அந்தச் சிறு பங்கையும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. ஐயாயிரம் கன மீட்டர் கொள்ளும் கப்பல் ஒரு நடையில் கொட்டும் சேற்றில் மூன்று விழுக்காடு மேலே நின்றாலும், அது சில பத்து டன் மண்ணுக்குச் சமம். நாளொன்றுக்கு நான்கு நடை என்று மாதக்கணக்கில் வேலை நடந்தால், முதல் நடையின் கலங்கல் அடங்குமுன் அடுத்த நடை வந்துவிடுகிறது. தூர்வாரும் இடத்திலும் இதே நிலைதான். கப்பலின் தொட்டி நிரம்பியதும் மேலே நிற்கும் சேற்றுநீர் வழிந்து கடலுக்கே திரும்புகிறது. பல சமயங்களில், கொட்டும் இடத்தைவிட அள்ளும் இடத்தில்தான் கலங்கல் நீண்ட நேரம் நிற்கிறது.

எவ்வளவு நேரத்தில் தெளியும் என்பதை மண்ணின் வகை தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல் விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் இறங்குவதால், இருபது மீட்டரைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கான களித்துகளோ, தனியாக விழுந்தால், அதே ஆழத்தைக் கடக்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். உப்புநீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரி திரியாகச் சேர்வதால்தான் அந்த இரண்டு மாதம் அரை நாளாகக் குறைகிறது. நீங்கள் மறுநாள் காலையில் காணும் தெளிவு இப்படி வருவதுதான். மேல்நீர் தெளிந்துவிட்டதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர், அடித்தரையில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் அன்று என்ன ஆயின என்பதைப் பார்க்காமலே சொல்கிறார்.

கேள்வி (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை): துறைமுகச் சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கிறது. அதைக் கலக்கினால் அதிலுள்ள கன உலோகங்களெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடாதா? நீரிலுள்ள ஆக்சிஜன் குறையாதா?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் இதே அச்சம் எழுந்தபோது, அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படை மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரிலுள்ள தன் நீரியல் ஆய்வு நிலையத்தின் வழியாக 1973 முதல் 1978 வரை ஒரு பெரும் ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. அதில் தெரியவந்த செய்தி பலருக்கு வியப்பளித்தது: பெரும்பாலான கன உலோகங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கரையவில்லை.

காரணம் நீங்கள் வகுப்பில் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. சேற்றின் கறுப்பு நிறம் இரும்பு சல்பைடால் வருவது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் ஈயம், காட்மியம், செம்பு போன்றவையும் சல்பைடுகளாகவே கட்டுண்டு கிடக்கின்றன. கலங்கும்போது இரும்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து, துருவைப் போன்ற பழுப்பு நிறப் படிவாக மாறுகிறது. புதிதாகத் தோன்றும் அந்தப் படிவின் மேற்பரப்பு, விடுபடும் மற்ற உலோகங்களைப் பற்றிக்கொண்டு மறுபடியும் அடியில் போய் அமர்கிறது. அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க அளவில் தண்ணீருக்குள் விடுபட்டவை மாங்கனீசு, அம்மோனியா, ஓரளவு பாஸ்பேட் ஆகியவையே.

ஆக்சிஜன் குறைவது உண்மை. சல்பைடும் இரும்பும் அதை உறிஞ்சிக்கொள்வதால் தரையை ஒட்டிய நீரில் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை அதன் அளவு சரிகிறது; நீரோட்டம் உள்ள திறந்த கடலில் விரைவில் மீள்கிறது. ஆனால் குளிர்ந்த கடல்களில் எடுத்த முடிவுகளை நம் கடலுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. பத்து டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். முப்பது டிகிரியில் அது 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். நம் மீன்கள் கோடையில் குறைந்த இருப்பை வைத்துக்கொண்டுதான் வாழ்கின்றன என்பதால், அதே அளவு சரிவு இங்கே கூடுதலாக வலிக்கும். அம்மோனியாவும் அப்படித்தான், நீர் சூடாகவும் காரத்தன்மை மிகுந்தும் இருக்க இருக்க, அதில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு கூடுகிறது. நீரோட்டம் குறைந்த காயலிலோ கழிமுகத்திலோ, விடியற்காலையில் ஆக்சிஜன் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் நேரத்தில் கொட்டுவதையும், நடுக்கடலில் கொட்டுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கரையவில்லை என்பதற்காக நஞ்சு மறைந்துவிட்டதாகவும் பொருளில்லை. கப்பலின் அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய டிரைபியூட்டில் டின் கலந்த வண்ணப்பூச்சு இதற்குச் சான்று. அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் உதிர்ந்தவை பல நாடுகளின் துறைமுகச் சேற்றில் இன்னும் இருக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கலந்தாலே, சில கடல் நத்தை இனங்களில் பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கம் நின்றுவிடுகிறது. வழக்கமான நீர்ப் பரிசோதனைகளில் இத்தகைய அளவு சிக்காது.

கேள்வி (கடலூர் வாசகர்): ஓரிடத்தில் கொட்டிய சேறு அங்கேயே கிடக்குமா, நகர்ந்துவிடுமா?

பதில்: இரண்டும் நடக்கும், இரண்டிலும் தொல்லை உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அல்கட்ராஸ் தீவை ஒட்டிய இடத்தில் பல்லாண்டுகளாகச் சேற்றைக் கொட்டிவந்தார்கள். அங்குள்ள வேகமான நீரோட்டம் அதைக் கடலுக்கு அள்ளிச் சென்றுவிடும் என்பது நம்பிக்கை. 1982இல் ஆழத்தை அளந்தபோது, 110 அடியாக இருந்த இடத்தில் 30 அடிதான் மிஞ்சியிருந்தது. சேறு மலையாகக் குவிந்து கப்பல்களுக்கே இடையூறாகும் நிலை வந்தது. கலங்கல் அதிகமாகி மீன் சிக்கவில்லை என்று அங்குள்ள மீனவர்களும் முறையிட்டார்கள். பிறகு 1994இல், பொன்வாயில் எனப்படும் கோல்டன் கேட் நீரிணையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கடல் மைலுக்கு அப்பால், இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கரைக்கு அருகே கொட்டினால் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள், நீரோட்டம் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் சேற்றை மறுபடி அள்ளும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி (ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): பவளப்பாறைகளும் கடற்புல்லும் உள்ள எங்கள் பகுதியில் கலங்கல் எவ்வளவு தீங்கு செய்யும்? மழைக்காலத்தில் பாக் விரிகுடா தானாகவே கலங்குகிறதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது என்று கருதுகிறேன். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. கடற்புல்லும் ஒளியை நம்பியே வாழ்கிறது. அந்தப் புல்லை ஆவுளியா எனப்படும் கடல்பசு மேய்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்ததும் அந்தக் கடற்புல் வெளிகளை முன்னிட்டே. கலங்கல் முதலில் ஒளியை மறைக்கிறது. பிறகு மேலே படியும் மண்ணைத் துடைப்பதற்காகப் பவளம் சளியைச் சுரந்து, தன் சேமிப்பையெல்லாம் அதிலேயே கரைக்கிறது. நாள்பட நாள்பட அது வலுவிழந்து நோய்க்கு இடம் கொடுக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாரோ தீவை ஒட்டிய கடலில் 18 மாதங்களில் ஏறத்தாழ 70 லட்சம் கன மீட்டர் தோண்டப்பட்ட பிறகு, கலங்கலில் நெடுநாள் இருந்த பாறைகளில் பவள நோய் மற்ற இடங்களைவிட இருமடங்காக இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

பாக் விரிகுடா தானாகக் கலங்குவது உண்மைதான். ஆழம் குறைந்த கடல் என்பதால் வாடைக்காற்றுக் காலத்தில் அலைகளே அடிமண்ணைக் கிளப்பிவிடுகின்றன. அங்கு வாழும் உயிர்கள் அதற்குப் பழகியவை. ஆனால் அந்தக் கலங்கலுக்கு ஒரு பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் வரும் தெளிந்த மாதங்களில்தான் புல் வேர்விட்டுப் பரவுகிறது, பவளம் இழந்ததை ஈடுகட்டிக்கொள்கிறது. தூர்வாரும் பணி ஆண்டு முழுவதும் நடந்தால் பறிபோவது அந்தத் தெளிந்த மாதங்களே. கலங்கலின் அளவு இயற்கை எல்லைக்குள்தான் இருக்கிறது என்று ஓர் அறிக்கை சொல்லுமானால், எந்த மாதத்து இயற்கையோடு ஒப்பிட்டார்கள் என்று நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

சேது சமுத்திரத் திட்டத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2005 ஜூலை 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள கால்வாய்க்காக எட்டுக் கோடி கன மீட்டருக்கு மேல் மண் தோண்ட வேண்டியிருந்தது. ஆதாம் பாலப் பகுதியில் சேதம் விளைவிக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பணி முழுவதுமே நின்றுபோனது. அந்த ஆண்டுகளில் பாலத்தைப் பற்றி நாம் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட, அத்தனை மண்ணையும் எங்கே கொட்டுவது, அதன் கலங்கல் எத்திசையில் போகும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. வாடைக்காலத்தில் நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கியும், தென்மேற்குப் பருவத்தில் எதிர்த்திசையிலும் செல்கிறது. 21 தீவுகளைக் கொண்டு 1986இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவின் பவளப்பாறைகள் அந்தப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே பூங்காவின் எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளிக் கொட்டுகிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பருவத்தில் கொட்டுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் இதே வழக்கு எழுந்தது. ஆபட் பாயின்ட் துறைமுகத்தை விரிவாக்க 30 லட்சம் கன மீட்டர் சேற்றைத் தோண்டிக் கடல் பூங்காவுக்குள் கொட்டுவதற்கு 2013 டிசம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சரும், 2014 ஜனவரியில் பூங்கா ஆணையமும் ஒப்புதல் தந்தார்கள். அறிவியலாளர்களும் மீனவர்களும் சுற்றுலாத் தொழிலைச் சேர்ந்தவர்களும் ஒன்றாக எதிர்த்ததில் அந்தக் கொட்டும் திட்டம் கைவிடப்பட்டது. 2015இல், புதிதாக ஆழப்படுத்தும் பணிகளில் வரும் சேற்றைப் பூங்காவுக்குள் கொட்டுவதற்குத் தடையே வந்தது. ஆனால் ஏற்கெனவே உள்ள கால்வாய்களைப் பராமரிக்கத் தூர்வாரும் சேற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது. அது அந்த வெற்றியில் உள்ள பெரிய ஓட்டை.

கேள்வி (சென்னை வாசகர்): கடலில் கொட்டாமல் கரையில் கொட்டிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

பதில்: அப்படி எளிதில் தீர்வதில்லை. சல்பைடு மிகுந்த சேறு தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அமைதியாக இருக்கிறது. அதையே கரையில் காயவைத்தால், காற்றுப் பட்டு கந்தக அமிலம் உண்டாகி, சேற்றில் கட்டுண்டிருந்த உலோகங்கள் அமிலத்தோடு மழைநீரில் வடியத் தொடங்கும். கூடவே உப்பும் நிலத்தடி நீரில் இறங்கும். கடலில் கொட்டியிருந்தால் கரையாத உலோகம் கரையில் கொட்டியதால் கரைவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி.

உண்மையிலேயே நஞ்சேறிய சேறு என்றால் அதை அடைத்து வைப்பதுதான் வழி. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் மிகுந்த ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேற்றை, கலங்காமல் உறிஞ்சி எடுத்து, தடுப்புச் சுவர் கட்டிய பகுதிக்குள் நிரப்பி, மேலே சுத்தமான மண்ணிட்டு மூடினார்கள். 1977இல் தொடங்கிய வேலை 1990இல்தான் முடிந்தது. அப்படி உருவான 58 ஹெக்டேர் நிலம் இன்று அங்கே நிற்கிறது. நஞ்சை முன்பே தடுத்திருந்தால் தேவைப்பட்டிராத பதின்மூன்று ஆண்டு உழைப்பு அது. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்தின் மாசடைந்த சேற்றுக்கென்று ஸ்லஃப்டர் என்ற பெரும் சேற்றுக் கிடங்கை 1987இல் அமைத்தார்கள். மாசற்ற சேறோ வீணாக வேண்டியதே இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் அழிந்துபோன உப்புச் சதுப்பு நிலங்களை மீட்டெடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். அரிக்கும் கரைகளுக்கு மணல் தேவைப்படும் நம் கடற்கரையில், நல்ல மணலைக் கொண்டுபோய் ஆழ்கடலில் கொட்டுவது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

கேள்வி (காரைக்காலிலிருந்து ஓர் இல்லத்தரசி): சேறு கொட்டும் பகுதியில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

பதில்: கலங்கலைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம் அம்மா; மீன் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடும். சேறு எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். நியூயார்க் துறைமுகச் சேற்றைக் கொட்டிவந்த கடற்பகுதியை 1997 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்கான பொருள்களைத் தயாரித்த ஆலை ஒன்றிலிருந்து பஸேயிக் ஆற்றில் கலந்த டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு, நெவார்க் விரிகுடாவின் சேற்றோடு அங்கு வந்து சேர்ந்திருந்தது. டையாக்சின் தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம். ஆனால் சேற்றைத் தின்னும் புழுவின் கொழுப்பில் அது சேர்கிறது, புழுவைத் தின்னும் மீனில் பெருகுகிறது. அந்தக் கடல்தரையை மாசற்ற மண்ணால் ஒரு மீட்டர் தடிப்புக்கு மூடும் வேலை அதன்பின் தொடங்கியது. ஆகவே தொழிற்சாலைக் கழிவு கலந்த கழிமுகத்துச் சேறு என்றால், தண்ணீரை மட்டுமல்லாமல் புழுவையும் சிப்பியையும் சோதித்த முடிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி (மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளர்): எங்கள் பகுதியில் ஆழப்படுத்தும் பணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க இருக்கிறது. நாங்கள் எதைக் கேட்பது?

பதில்: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தக் கூட்டத்தை நடத்த முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். சேற்றின் மாதிரியை எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழம் வரை எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்த மாதிரி, ஐந்து மீட்டர் தோண்டும் வேலைக்குச் சான்றாகாது. ஒரு பங்கு சேற்றை நான்கு பங்கு கடல்நீரில் அரை மணி நேரம் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரைச் சோதிப்பது பல நாடுகளில் உள்ள வழக்கமான முறை. அந்தச் சோதனையும், அந்த நீரில் இறால் குஞ்சு போன்ற உயிர்களை விட்டுப் பார்த்த சோதனையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கொட்டும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேட்டு, உங்கள் வலைப்பாடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரியும் இடத்தில் எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் அங்கே முட்டையிடுகிறது என்பது ஆலோசனை நிறுவனத்தைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். கலங்கல் எந்த அளவைத் தாண்டினால் கப்பலை நிறுத்துவார்கள், அதை அளப்பது ஒப்பந்ததாரரா வேறு ஒருவரா, அளந்த எண்கள் அன்றே உங்கள் சங்கத்துக்கு வருமா என்பவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: முதலில் பெறும் அனுமதியிலேயே பராமரிப்புத் தூர்வாரலும் சேர்ந்திருந்தால், அதற்குத் தனியே அனுமதி பெறத் தேவையில்லை. எனவே ஆண்டுதோறும் வரப்போகும் அந்தச் சேற்றைப் பற்றியும் இந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.